எண்டர் தட்டினால் ஆடாத மேசை

மாதம் 20-ஆம் தேதி என் மேசையில் தண்ணீர் டம்ளர் வைக்க மாட்டேன். ஜிஎஸ்டி 3பி என்கிற மாத வரிக்கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். ஆடிட்டர் ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிற எனக்கு அன்றைக்கு முழுக்க எண்களைத் தட்டுவதுதான் பிழைப்பு. ஒவ்வொரு எண்டருக்கும் டம்ளர் தண்ணீரில் வளையம் எழும்பும், மானிட்டர் ‘ஆமாம் ஆமாம்’ என்று தலையாட்டும். ஹாஸ்டலில் இருந்தபோது வாங்கிய மடக்கு மேசை அது. என்னோடு மூன்று வீடு மாறியிருக்கிறது. கால்களுக்கு அடியில் அட்டை மடித்து வைத்தாயிற்று, திருகுகளை முடுக்கியாயிற்று, கடைசியில் சுவரோடு ஒட்டிப் போட்டும் பார்த்தாயிற்று. இப்போது சுவரும் சேர்ந்து டொக் டொக் என்கிறது.

ஜூன் மாதம் ஒரு நாள் வெறுத்துப்போய், ஆட்டத்தை அளந்தே பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். மேசையின் ஓரத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஸ்கேலை ஒட்டினேன். மறுபக்கத்திலிருந்து ஒற்றை விரலால் தள்ளினேன். 11 மில்லிமீட்டர் நகர்ந்தது. கால்கள் தரையில் அப்படியே இருக்க, மேலே பலகை மட்டும் 11 மில்லிமீட்டர். அப்புறம் இரண்டு பர்னிச்சர் கடைகளுக்குப் போய் அங்கிருந்த மேசைகளையும் அதே விரலால் தள்ளிப் பார்த்தேன். கனமானது, பளபளப்பானது, இரும்புக்கால் வைத்தது எல்லாமே கொஞ்சமாவது ஆடின. கடைப் பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். சரி, நாமே செய்துவிடலாம் என்று தோன்றியது. இதுவரை நான் செய்த மரவேலை என்றால் துணிக்கொடிக்கு ஆணி அடித்ததுதான்.

எங்கள் வடவள்ளி வீட்டுக்குச் சமையலறை அலமாரி செய்துகொடுத்த ஆசாரி இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். அண்ணா என்று கூப்பிட்டுப் பழக்கம். நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டுச் சிரித்தார். “ஏனுங்கம்மிணி, இதுக்குப் போயி இத்தன படமா? அரை நாள் வேலைங்க. பிளைவுட்ட அறுத்து, ஃபெவிக்கால் வெச்சு, ஆணி அடிச்சு, மைக்கா ஒட்டிக் குடுத்தர்றேன்.”

“ஏனுங்ணா, நானே செய்யணுமுங்க.”

“நீங்களா?” என்றவர், கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தார். “சரி, செய்யுங்க. விரலப் பாத்து.”

ஆட்டம் ஏன் வருகிறது என்பது புரியவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. கனமாக இருந்தால் கெட்டியாக இருக்கும் என்றுதான் எல்லாரையும் போல நானும் நினைத்திருந்தேன். கனமான மேசை தரையில் நகராது, அவ்வளவுதான். தலை ஆடுவதற்கும் கனத்துக்கும் சம்பந்தம் கிடையாது; சொல்லப்போனால் மேலே கனம் ஏற ஏற ஆட்டம் நிற்கத்தான் நேரமாகும். தீப்பெட்டியின் உள்பெட்டியை உருவிவிட்டு வெளிக்கூட்டை மட்டும் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அமுக்கிப் பாருங்கள், சாய்ந்து தட்டையாகிவிடும். நாலு பக்க அட்டைக்கும் ஒன்றும் ஆகவில்லை, நாலு மூலைதான் மடங்கிக் கொடுத்தது. உள்பெட்டியைத் திரும்பச் சொருகினால் அசையாது. பலகையும் கால்களுமாக நிற்கிற மேசை உள்பெட்டி இல்லாத தீப்பெட்டிதான்.

ஆகவே செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, மூலைகள் மடங்காதபடி கால்களையும் அவற்றைக் குறுக்கே இணைக்கிற சட்டங்களையும் பூட்டுவது. சட்டம் எவ்வளவு உயரமோ, காலை அவ்வளவு நீளத்துக்குப் பிடித்துக்கொள்ளும். இரண்டு, ஒரு பக்கத்தையாவது பலகையால் அடைத்துவிடுவது. பின்பக்கம் கால்களுக்கு நடுவில் ஓர் அடி உயரத்துக்குப் பிளைவுட் வைத்து, சுற்றிலும் சட்டத்தோடு சேர்த்துத் திருகிவிட்டால் இடவல ஆட்டம் போய்விடும். முன்பின் ஆட்டத்துக்குப் பக்கவாட்டில் மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம். இணையத்தில் ரொம்ப அழகாக இருக்கிற, கம்பியை வளைத்துக் கால் வைத்து மேலே ஒரு மரப்பலகை போட்ட மேசைகளை அன்றோடு மறந்தேன். போட்டோ எடுக்க நன்றாக இருக்கும். அதில் ஜிஎஸ்டி ஏற்ற முடியாது.

அடுத்தது உயரம். கடை மேசைகள் பெரும்பாலும் 30 அங்குலம். என் உயரம் 5 அடி 2. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கைவரை அளக்கச் சொன்னேன். வீட்டுக்காரர் டேப்பைப் பிடித்து 27 என்றார். இத்தனை வருஷமும் 3 அங்குலம் தோளைத் தூக்கிக்கொண்டு தட்டியிருக்கிறேன், கழுத்து வலிக்கு மூன்று வகைத் தைலம் வாங்கியிருக்கிறேன். சரி, மேசை 27 அங்குலம். பலகையின் கனம் ஒன்றரை. அதற்கடியில் 4 அங்குலச் சட்டம் சுற்றி வரும். நோட்டில் நேர்த்தியாக இருந்தது.

ஏதோ சந்தேகம் வந்து, மிக்சி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, தரையிலிருந்து இருபத்தொன்றரை அங்குல உயரத்தில் அட்டையின் கீழ்விளிம்பு நிற்கிற மாதிரி இரண்டு நாற்காலிக்கு நடுவில் ஒட்டினேன். முன்னால் உட்கார்ந்து காலை உள்ளே விட்டேன். அட்டை தொடையில் இடித்து மடங்கியது. என் தொடையின் மேற்பக்கம் 23 அங்குலத்தில் இருக்கிறது! பழைய கணக்குப்பிள்ளை மேசைக்கு இந்தத் தொந்தரவே இல்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் முன்னால் சாய்பலகைப் பெட்டி, தீர்ந்தது விஷயம். நாற்காலி வந்த பிறகுதான் தொடைக்கு இடம் தேட வேண்டியிருக்கிறது. கடைசியில் முன்சட்டத்தை மட்டும் படுக்க வைத்துவிட்டேன், 3 அங்குல அகலம், ஒன்றேகால் அங்குலக் கனம். தொடைக்கு மேலே ஒன்றேகால் அங்குலம் மிச்சம். முன்னால் இழந்த பலத்தைப் பின்சட்டத்தில் ஈடுகட்ட வேண்டும். அதைக் கிடைக்கிற அகலத்துக்கு வைப்பது என்று முடிவு செய்தேன்.

இனி மரம். ரப்பர் மரப் பலகை மலிவு. துண்டுகளை விரல் கோத்த மாதிரி ஒட்டி, பூச்சி அரிக்காமல் மருந்தேற்றி, தயாராக வருகிறது. மாமரம் அதைவிட மலிவு, ஆனால் உளுத்துப்போகும். வேங்கையை இழைக்க என் கையில் பலம் போதாது என்று அண்ணா தீர்ப்புச் சொல்லிவிட்டார். தேக்கு விலை தெரிந்ததுதான். புதிதாக வருகிற இளம் தேக்கில் வைரம் என்கிற உள்மரம் கொஞ்சம், வெளியே வெள்ளை மரம் நிறைய. கரையானுக்கு வைரம் பிடிக்காது, வெள்ளையை விடாது. நாங்கள் தரைத்தளத்தில் இருக்கிறோம், கரையானை மறந்துவிட்டு மரம் வாங்க முடியாது.

“இடிச்ச வீட்டு மரம் பாருங்க” என்றார் அண்ணா. பழைய மரக்கடைக்கு அவரே கூட வந்தார். கதவுகள், ஜன்னல்கள், உத்திரங்கள், தூண்கள், ஏதோ ஒரு வீட்டின் ஊஞ்சல் பலகை. எதைத் தொட்டாலும் கடைக்காரர் “பர்மா தேக்குங்க” என்றார். கோயம்புத்தூரில் இடிபடுகிற அத்தனை வீட்டுக்கும் பர்மாவிலிருந்தா மரம் வந்திருக்கும்? இங்கே பக்கத்திலேயே ஆனைமலை இருக்கிறது. வெட்டிய தேக்கை மலை விளிம்பிலிருந்து கீழே சறுக்கிவிட்ட இடம்தான் டாப்ஸ்லிப். கப்பலுக்கும் ரயில் கட்டைக்கும் என்று வெட்டி வெட்டி மொட்டையான அந்தக் காட்டில் மறுபடி தேக்கை வளர்த்தெடுத்தவர் ஹியூகோ வுட் என்கிற வன அதிகாரி. 1933-இல் இறந்தவருடைய கல்லறை அங்கேயே மவுண்ட் ஸ்டூவர்ட்டில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது டாப்ஸ்லிப் கூட்டிப்போனார்கள், கோவையில் 1902-இல் திறந்த காஸ் வன அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப்போனார்கள். அங்கே வரிசையாக வைத்திருந்த மரத்துண்டுகளை அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாடம் பண்ணின மிருகங்களைப் பார்க்க ஓடினோம்.

கிடைத்தது ஒரு கதவு நிலையின் இரண்டு நிலைக்கால்கள். ஒவ்வொன்றும் 7 அடி நீளம், 5 அங்குலத்துக்கு 3 அங்குலம். மரத்தைக் கன அடிக் கணக்கில் விற்கிறார்கள். 5, 3, 84 மூன்றையும் பெருக்கி 1,728-ஆல் வகுத்தால் ஒரு காலுக்கு 0.73 கன அடி, இரண்டும் சேர்ந்து ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. என் மேசைச் சட்டகத்துக்கு வேண்டியது சேதாரம் போக கிட்டத்தட்ட 0.9. கடைக்காரர் கால்குலேட்டரை எடுப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். எண்களில் மட்டும்தான் எனக்குக் கை பழகியிருக்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவித் துடைத்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. நிலைக்கால் முழுச் செவ்வகமாக இருக்காது. கதவு வந்து உட்காருவதற்காக ஒரு மூலையை நெடுகப் படி மாதிரி வெட்டிக் காடி எடுத்திருப்பார்கள். கூடவே கீல் பள்ளங்கள், தாழ்ப்பாள் துளை, வருஷா வருஷம் மாவிலைத் தோரணத்துக்கு அடித்த ஆணிகள். முதல் நிலைக்காலை இரண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் நெடுக்கில் பிளந்தால் நாலு கால் வரும். அதில் இரண்டு காலுக்கு ஒரு மூலை இருக்காது. அந்தக் காடியை உள்பக்கம் திருப்பிவிடலாம் என்று நினைத்தேன். படம் போட்டுப் பார்த்தால் சட்டம் சொருகுகிற துளைகள் சரியாக அங்கேதான் வருகின்றன. இரண்டு நாள் கழித்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது விடை கிடைத்தது: அந்த இரண்டையும் பின்கால்களாக வைத்து, காடியைச் சுவர்ப்பக்கம் திருப்பினால் யார் கண்ணிலும் படாது, வயரும் அதற்குள் இறங்கிப் போகும். இரண்டாவது நிலைக்காலை 55 அங்குலத்தில் வெட்டிக் கனவாட்டில் இரண்டாகப் பிளந்தால் ஒன்று பின்சட்டம், 5 அங்குல அகலம், மற்றது முன்சட்டம். மீதத் துண்டில் பக்கச் சட்டங்கள்.

மரம் அறுக்கிற மில்காரர் பழைய மரம் என்றதும் முகத்தைச் சுளித்தார். ஒரே ஓர் ஆணி மாட்டினாலும் ரம்பப் பல் போய்விடும், அவர் கவலை அவருக்கு. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மரத்தை ஓர் அங்குலம்கூட விடாமல் தடவினேன். காந்தம் இழுத்த இடத்தில் எல்லாம் சாக்பீஸ் குறி. மொத்தம் 14 ஆணி. மூன்று ஆணிக்குத் தலையே இல்லை, துருவாகி மரத்தோடு மரமாகக் கறுத்துக் கிடந்தன. உளியால் சுற்றிலும் கொத்தித்தான் எடுக்க முடிந்தது. அறுத்து முடித்ததும் அந்த வாசனை! வெளியே சாம்பலாகக் கிடந்த மரம் உள்ளே தேன் நிறம்.

மேற்பலகைக்குத் தேக்கு கட்டுப்படியாகாது. 19 மில்லிமீட்டர் பிளைவுட், எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று. 710 முத்திரை போட்ட, தண்ணீர் தாங்குகிற மரைன் பிளை எனக்கு அவசியமில்லை என்றாலும் அண்ணா சொன்னார் என்று அதையே வாங்கினேன். நாலடி அகலத்தை இரண்டாக்கினால் ஐந்துக்கு இரண்டில் இரண்டு பலகை கிடைக்கும். மீதி மூன்றுக்கு நாலு துண்டில் பின்பலகை. இரண்டு பலகையையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் 38 மில்லிமீட்டர். “சும்மா ரெண்ட அடுக்கி நாலு திருகு போட்டாப் போதாதுங்களா?” என்று கேட்டதற்கு அண்ணா தோளைக் குலுக்கினார். பதிலைக் காலண்டர் அட்டையில் கண்டுபிடித்தேன். இரண்டு அட்டையைச் சும்மா அடுக்கி வளைத்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு வளைந்துவிடும். அதையே முழுக்கப் பசை தடவி, மேலே அரிசி டப்பாவை வைத்து ஒரு நாள் காயவிட்டு வளைத்தால் கை வலிக்கிறது. தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. ஒட்டாமல் அடுக்கினால் இரண்டே மடங்கு. ஒரு டப்பா பசையில்தான் அத்தனை வித்தியாசமும். விளிம்பில் தேக்குப் பட்டை ஒட்டிவிட்டால் பிளையின் அடுக்கு தெரியாது.

மூட்டுதான் எனக்குக் கிலி. சட்டத்தின் நுனியில் ஒரு நாக்கு, காலில் அதற்கு ஒரு துளை. ஆணியும் திருகும் போதாதா என்றால், சட்டத்தின் தலைப்பில், அதாவது குறுக்கே அறுத்த நுனியில், திருகு போடுவது கட்டிய விளக்குமாற்றின் அடியில் ஆணி அடிக்கிற மாதிரி: ஈர்க்குகளுக்கு நடுவில் புகும், எதையும் குறுக்கே பிடிக்காது, நாலு ஆட்டு ஆட்டினால் வந்துவிடும். பசையும் அப்படித்தான். தலைப்பு உறிஞ்சிக்கொண்டு போய்விடும். நாக்கின் இரண்டு கன்னத்திலும் மர நார்கள் ஈர்க்கு மாதிரி நெடுகப் படுத்திருப்பதால் அங்கேதான் பசைக்குப் பிடி.

அண்ணா கொடுத்த வேப்பமரத் துண்டுகளில் பழகினேன். பென்சிலில் கோடு போட்டபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். பென்சில் கோட்டுக்கே அரை மில்லிமீட்டர் கனம், அதில் எந்த ஓரத்தில் அறுப்பது? கத்தி நுனியால் கீறினால் உளி வந்து உட்காருவதற்கு ஒரு பள்ளமே கிடைத்துவிடுகிறது. துளையின் அகலத்தை ஸ்கேல் பார்த்து முடிவு செய்யக் கூடாது, கையில் இருக்கிற உளியின் அகலம்தான் துளையின் அகலம். என்னிடம் அரை அங்குல உளி, ஆகவே என் மேசையில் எல்லா நாக்கும் அரை அங்குலம். முதல் மூட்டு தொளதொளவென்று இருந்தது. மரத்தூளில் ஃபெவிக்கால் குழைத்து அடைக்கச் சொன்னார்; அடைத்தேன். பார்க்கப் பிரமாதம், மறுநாள் முறுக்கினால் கழன்று கையில் வந்தது. (இந்த ஒரு விஷயத்தில் அவருக்கும் எனக்கும் இன்னும் வழக்கு தீரவில்லை. உங்கள் பசை பழசு என்கிறார்.) இரண்டாவதைக் கொட்டாப்புளியால் வைத்துச் சாத்தினேன், கால் பிளந்தது. அஞ்சாவது மூட்டு கையால் தள்ளினால் பாதிவரை போய், மீதிக்கு இரண்டு தட்டு வாங்கி உட்கார்ந்தது. இழுத்தபோது சோடா மூடி திறக்கிற மாதிரி ஒரு சின்ன சத்தம். அண்ணா ஒன்றும் சொல்லாமல் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கடையில் பையன்களுக்குக் காட்டுவாராம். நல்ல உதாரணமாகவா, கெட்ட உதாரணமாகவா என்று கேட்கவில்லை.

பாலிஷ் பற்றி இன்னும் முடிவில்லை. ஆளிவிதை எண்ணெய் தேய்க்க ஆசை. ஆனால் தேய்த்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்பதால், துணியை விரித்துக் கொடியில் போடுவதாக அத்தையிடம் சத்தியம் செய்த பிறகுதான் அனுமதி கிடைத்தது. கால்களுக்கு அடியில் நைலான் புஷ் அடிப்பது மட்டும் உறுதி, வீடு துடைக்கிற தண்ணீர் மரத்தில் ஏறக் கூடாது.

மரம் வந்து ஏழு வாரமாகியும் ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஐப்பசி மழையில் எங்கள் வாசல் கதவு தோளால் இடித்தால்தான் திறக்கும், பங்குனியில் விரலால் தள்ளினாலே போதும். மரம் ஈரத்தை வாங்கிக் குறுக்கில் உப்பும், விட்டால் சுருங்கும். நீளவாட்டில் மாற்றம் தெரியவே தெரியாது. நிலைக்கால்கள் பழைய மரம்தான், ஆனாலும் கடையில் மழையில் நனைந்து கிடந்தவை. இப்போதே நாக்கு வெட்டிச் சொருகினால் மாசியில் தொளதொளக்கும். எனவே அறுத்த துண்டுகளுக்கு நடுவில் குச்சி வைத்து, காற்று போகிற மாதிரி படுக்கையறைச் சுவரோரம் அடுக்கியிருக்கிறேன். அத்தை அதன்மேல் துவைத்த துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டார். ‘மேசை நன்றாகத்தான் இருக்கிறது’ என்கிறார்.

ஈரம் பார்க்கிற மீட்டர் என்னிடம் இல்லை. மீதியான ஓர் ஆறங்குலத் துண்டின் இரண்டு தலைப்பிலும் மெழுகுவத்தியை உருக்கித் தடவி, அதே அடுக்கில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் சமையலறைத் தராசில் நிறுத்து, காலண்டரில் எழுதுகிறேன். எடை குறைவது நின்றால் வேலை ஆரம்பம். முதல் வாரம் 431 கிராம். அப்புறம் 424, 419, 415, 412. போன வாரம் 409. இன்றைக்குக் காலையில் இட்லி மாவு நிறுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தேன். 408.